கௌசிகாவுக்குப் பிடித்தவை

கௌசிகாவுக்கு எதுவுமே பிடிக்காமல் ஒரு மாதம் போனதில்லை. பிடித்தாக வேண்டும், தொழில் அப்படி. ஈப்போ லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருப்பவள், 'புதுச் சரக்கு வந்திருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் சில வருஷங்களுக்கு முன், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவள் ஒரு வேலை செய்தாள். மாதம் பிறந்ததும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் 'இம்மாதம் கௌசிகாவுக்குப் பிடித்தவை' என்று ஒரு செய்தி அனுப்பினாள். சாப்பாட்டில் ஒன்று, கலையில் ஒன்று, கற்றுக்கொள்வதில் ஒன்று. கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் ஒரு புடவை.

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். செய்தி வந்த அந்த வாரமே அவள் சொன்ன இடத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, 'நீங்க சொன்னது சரிதான்க்கா' என்று சொல்லிக்கொண்டே வந்து ஒரு புடவையும் எடுத்தார்கள். கடை நிமிர்ந்தது. கடை நிமிர நிமிர, கௌசிகாவுக்கு ஊர் சுற்ற நேரமில்லாமல் போயிற்று. நல்லவேளையாக, கடையில் வேலை பார்க்கும் தினேஸ்வரிக்குப் பேராக் மாநிலம் முழுக்கச் சொந்தக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயாவது போவாள், படம் எடுத்து வருவாள், 'செமையா இருந்துச்சுக்கா' என்பாள். அந்தச் செமையைக் கௌசிகா தன் நாக்கிலேயே பட்டதுபோல் எழுதிவிடுவாள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. வியாபாரத்தில் யார் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறார்கள்?

இப்படித் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஊருக்கே சொல்லிவந்தவள், ஒரு வியாழக்கிழமை காலை அம்பிகை மாமி கேட்ட சின்னக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றாள்.

"கௌசி, ஞாயிற்றுக்கிழமை படையலுக்கு என்ன சமைக்கிறது? அண்ணனுக்கு என்ன விருப்பம்?"

அண்ணன் என்றது கௌசிகாவின் அப்பா துரைசிங்கத்தை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் கல்யாணம் ஆகாத மகளோடு ஈப்போ வீட்டில் வந்து இருந்தார். போன மாதம் ஒரு மத்தியானம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர், அதிலும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். ஐயர் வந்து காரியம் முடித்துப் போனபின், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். அதற்கென்றே தைப்பிங்கிலிருந்து வந்து தங்கியிருந்தாள் அவர் தங்கையான மாமி.

 

அப்பா எதையும் கேட்டுச் சாப்பிட்டவர் இல்லை. வைத்ததைச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். எப்படி இருந்தது என்றால் "பிழையில்லை" என்பார். உப்பில்லாத குழம்பும் பிழையில்லை, கல்யாண விருந்தும் பிழையில்லை. அவள் அதோடு விட்டுவிடுவாள். பிழையில்லை என்று சொல்கிற மனிதரை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

"உங்களுக்குத் தெரியாதா மாமி?"

"நான் பள்ளிக்கூடம் போக முதலே அவர் எஸ்டேட் வேலைக்குப் போயிட்டார். வருஷத்தில ரெண்டு தரம் பார்ப்பன். அண்ணி இருந்திருந்தால் சொல்லியிருப்பா." மாமி கொஞ்சம் தயங்கினாள். "உன்னோடதானே இத்தனை வருஷம் இருந்தவர். ஒண்டு கூடவா தெரியாது?"

குத்திக்காட்ட வேண்டும் என்று மாமி கேட்கவில்லை. அதனால்தான் அது ஆழமாகக் குத்தியது. ஈப்போவில் எந்தச் சந்தில் எந்தச் சீனர் நல்ல கோப்பி போடுகிறார் என்று ஆயிரம் பெண்களுக்குச் சொன்னவளால், பெற்ற அப்பாவுக்கு ஒரு கறியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. படைத்ததை இறந்தவர் வந்து சாப்பிடுகிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, அந்த இலையில் சும்மா சாம்பாரும் வடையும் மட்டும் இருந்தால், தான் மகளாக இருந்ததற்கு என்ன அர்த்தம்?

"நாளைக்குள்ள சொல்றன் மாமி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

தினேஸ்வரி பட்டுப்புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள் கௌசிகா.

"தினேஸ், எங்க அப்பாக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஐயா நம்ம லிஸ்ட்ல உள்ளதெல்லாம் போய்ச் சாப்பிட்டாரே அக்கா."

"எந்த லிஸ்ட்?"

"நம்ம லிஸ்ட் லா. மாசா மாசம் அனுப்புறோமே."

கௌசிகா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தினேஸ்வரி புடவையைக் கீழே வைத்துவிட்டு, மாட்டிக்கொண்ட முகத்தோடு சொல்ல ஆரம்பித்தாள். செய்தி போன மறுநாள் ஐயா கடைக்கு வருவார். கௌசிகா பேங்குக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வருவார். கைப்பேசியில் செய்தியைக் காட்டி, 'இந்தக் கடைக்கு எந்த பஸ்? இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறது?' என்று கேட்டுக்கொண்டு போவார். தெலுக் இந்தானில் உறுமி மேளக் குழு ஒன்றைப் பற்றி எழுதியபோது அங்கேயும் போனாராம். அந்தக் குழுவில் வாசிக்கும் ஷர்வின், தினேஸ்வரிக்குத் தம்பி முறை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு தாத்தா கடைசிவரை முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஐயாதான் சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா நீங்க காருல கூட்டிட்டுப் போறேன்னு நிப்பீங்களாம், கடை வேலை கெட்டுப் போயிருமாம்."

காரில் கூட்டிப் போயிருப்பாளா? கௌசிகா தன்னையே கேட்டுப் பார்த்தாள். 'அடுத்த மாசம் பார்ப்பம் அப்பா' என்றுதான் சொல்லியிருப்பாள். அவருக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? மகளுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அதை அப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது. வழி கிடைத்துவிட்டது. அவர் போன இடங்களுக்குப் போய், எதை ரசித்துச் சாப்பிட்டார் என்று கேட்டால் தீர்ந்தது. கடையைத் தினேஸ்வரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

முதலில் பழைய பட்டணத்துக் கோப்பிக் கடை. அங்கே முட்டை கஸ்டர்ட் நன்றாக இருக்கும் என்று ஒரு மாதம் எழுதியிருந்தாள். அது அவள் உண்மையாகவே போய்ச் சாப்பிட்டது. அப்பாவின் படத்தைக் காட்டியதும் கல்லாவிலிருந்த சீனப் பெரியவர் உடனே தலையாட்டினார். நல்ல மனிதர் என்றார் மலாயில். உள்ளே வந்ததும் 'அனாக் சாயா சுக்கா யாங் மானா?' என்று கேட்டாராம். என் மகளுக்கு இதில் எது பிடிக்கும்?

"சாப்பிட்டாரா? பிடித்ததா?" என்று கேட்டாள்.

பெரியவர் யோசித்தார். சாப்பிட்டார், ஆனால் இனிப்பு அவருக்கு ஆகாதுபோல, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார் என்றார். கௌசிகாவுக்கு அப்போதுதான் அவருடைய சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்தது.

அடுத்து பத்திக் வகுப்பு. துணியில் மெழுகால் கோடு போட்டு, சாயம் தீட்டக் கற்றுத்தரும் பிரதீபாவின் வீட்டு மாடி. 'தூரிகையைப் பிடித்ததும் மனசு இலேசாகிவிட்டது' என்று கௌசிகா எழுதிய வகுப்பு அது. உண்மையில் அவள் ஒரே ஒரு நாள் போனாள். பாதியில் பினாங்கு மொத்த வியாபாரி கூப்பிட்டார் என்று எழுந்து வந்தவள், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"அங்கிள் எல்லா வகுப்புக்கும் வந்தாரு" என்றாள் பிரதீபா. "புதுத் துணி குடுத்தேன், வேணாம்னுட்டாரு. நீங்க பாதியில விட்டுட்டுப் போனீங்களே, அதக் குடுங்கன்னு கேட்டு வாங்கி, அதுலயே மிச்சத்தத் தீட்டினாரு. கை நடுக்கத்துல ஒரு பூ கத்திரிக்கா மாதிரி வந்துருச்சு. என்ன அங்கிள்னு கேட்டேன். பிழையில்லைன்னாரு."

கௌசிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கத்திரிக்காய்க்குக் கூட அதே தீர்ப்பு. வகுப்பிலே தேநீரோடு பலகாரம் கொடுப்பீர்களே, எதை எடுத்தார் என்று கேட்டாள். பிரதீபா உதட்டைப் பிதுக்கினாள். எதை நீட்டினாலும் எடுத்துக்கொள்வார் என்றாள்.

சாப்பாட்டுக் கடைகளில் மிச்சமிருந்தது சிலிம் ரிவர். வெள்ளிக்கிழமை காலை, மாமி எழுந்திருக்குமுன் கார் எடுத்துவிட்டாள்.

சிலிம் ரிவர் ஊரைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிற இடத்தில், சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள் வீரம்மா. தினேஸ்வரியின் பெரியம்மா. அவித்த மரவள்ளிக்கிழங்கும், இடித்த மிளகாயில் புரட்டிய கருவாட்டுச் சம்பலும் அங்கே பேர் பெற்றவை. தினேஸ்வரி கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு, கௌசிகா ஏழெட்டு மாதத்துக்குமுன் எழுதினாள்: 'அந்தக் காரம் இன்னும் என் நாக்கில் நிற்கிறது.' அவளுக்கு வயிற்றுப்புண். மருத்துவர் மிளகாயை நிறுத்தச் சொல்லிப் பல காலம் ஆகிறது.

கொட்டகையில் இன்னும் ஆள் வரவில்லை. அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த வீரம்மா, கைப்பேசியில் அப்பாவின் படத்தைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நம்ம கிராணி ஐயா. சட்டப்பையில பேனா வச்சிருப்பாரு. நல்லா இருக்காரா?"

கௌசிகா விஷயத்தைச் சொன்னாள். வீரம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரோ என்றில்லாமல், வீட்டு மனிதர் போனதுபோல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எங்கப்பா காலத்துல கிராணி ஆளுங்க நாங்க குடியிருந்த லயத்து வீட்டுப் பக்கம் வந்து தண்ணி வாங்கிக் குடிச்சு நான் பாத்ததில்ல தங்கச்சி. இவரு ரயில்ல வந்து இறங்கி, டேஷன்ல இருந்து ஒரு வண்டி புடிச்சு, இந்தப் பெஞ்சுல வந்து உக்காந்தாரு. கிழங்கும் கருவாடும் குடுங்கோன்னாரு. ஒரு வாய் வச்சதும் கண்ணுல தண்ணி. காரம் லா. வேற தரட்டுமான்னு கேட்டேன். வேணாம், என்ர மகளுக்கு இதுதான் விருப்பம், எனக்கும் பழகும்னுட்டு முழுசாத் தின்னாரு."

கௌசிகா எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் உங்க படத்தக் காட்டி, மகள் எந்தப் பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டாங்கன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? இந்தப் புள்ள இங்க வந்ததே இல்லையே ஐயா, எங்க தினேசுதான் படம் புடிச்சுட்டுப் போச்சுன்னு வெள்ளந்தியாச் சொல்லிட்டேன்." வீரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லியிருக்கக் கூடாதோ?"

"நீங்க என்னக்கா செய்வீங்க? அவர் என்ன சொன்னார்?"

"டீ ஆறுற வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கெளம்புறப்பதான் சொன்னாரு. அவளுக்குக் கடையில வேலை அதிகம். ஒரு நாளைக்குக் கட்டாயம் வருவாள். வந்தால் காரம் குறைச்சுப் போடுங்கோ, அவளுக்கு வயித்துக்கு ஆகாதுன்னு."

கருவாட்டைப் பற்றி எழுதிய அந்த மாதம் நடந்தது கௌசிகாவுக்கு ஞாபகம் வந்தது. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது அப்பா தன் கையால் ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பலை அவள் தட்டில் வைத்தார். 'உங்களுக்கு என்ன அப்பா, காரம் எனக்கு ஆகாதெண்டு தெரியாதா?' என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்தச் சம்பலை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். எழுதியது உண்மையா, சொல்வது உண்மையா என்று கேட்கவில்லை. சிலிம் ரிவருக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அதுக்கப்புறம் வந்தாரா அக்கா?"

"வந்தாரே. ரெண்டு மூணு தடவ. சாப்பிட மாட்டாரு. மகள் வந்தாளான்னு கேப்பாரு. இன்னும் வரல ஐயான்னா, சரின்னு ஒரு டீயக் குடிச்சிட்டு ரயிலுக்குப் போயிருவாரு."

கௌசிகா அழுதாள். கொட்டகையில், ஈரப் பெஞ்சில், முதல் வாடிக்கையாளர்களாக வந்த லாரிக்காரர்கள் இருவர் பார்க்கப் பார்க்க அழுதாள். சாவு விழுந்த அன்றைக்கு, வந்தவர்களைக் கவனிப்பதிலே வராமல் போய்விட்ட அழுகை அது. வீரம்மா சமாதானம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், கிழங்கு அவித்து, கருவாட்டை மிளகாயில்லாமல் பொரித்து ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். கௌசிகா கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பிடித்தது எது என்று தேடிப் புறப்பட்டவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கஸ்டர்ட் அவருக்கு ஆகவில்லை, கருவாடு கண்ணில் தண்ணீர் வரவழைத்தது, உறுமிக்குக் காதில் பஞ்சு. ஆனாலும் மாதா மாதம் பஸ்ஸும் ரயிலும் ஏறியிருக்கிறார். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, ஆயிரம் பேருக்குப் போகிற செய்தியைப் படித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறார். அவளிடமே கேட்டிருக்கலாமே என்று முதலில் கோபம்கூட வந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? தாப்பா ஊரைத் தாண்டும்வரை அதற்கு அவளுக்கே பதில் தெரியவில்லை.

பிறகு தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடை பூட்டி வீட்டுக்கு வரும்போது அப்பா படுத்திருப்பார். 'சாப்பிட்டியோ?' என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். 'வெளியில சாப்பிட்டிட்டன் அப்பா' என்பாள். அவரும் நம்புவார், மகள்தான் நல்ல கடைகளாகப் பார்த்துச் சாப்பிடுகிறவள் ஆயிற்றே. அதன்பின் அவள் குசினியில் விளக்குக்கூடப் போடாமல், ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, மேலே சீனியைத் தூவி, நின்றபடியே சாப்பிடுவாள். சீனி பல்லில் நறநறவென்று கடிபடும். நாளில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சாப்பாடு அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளை தின்கிற தீனி. அதை எப்படி ஊருக்கு எழுதுவது?

வீட்டுக்குப் போனதும் மாமி கேட்டாள்.

"தெரிஞ்சுதா?"

"நீங்கள் வழக்கமாப் படைக்கிறதைப் படையுங்கோ மாமி. ஒண்டு மட்டும் நான் செய்யிறன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐயர் போய், வீடு நிறையச் சனம். அப்பாவின் படத்துக்கு முன் பெரிய தலைவாழை இலை. சோறு, பருப்பு, கத்திரிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம் எல்லாம் மாமி வைத்தாள். எல்லாம் வைத்து முடித்து, மாமி சாம்பிராணித் தட்டை எடுக்கக் குனிந்தபோது, கௌசிகா குசினியிலிருந்து ஒரு தட்டோடு வந்தாள். வெண்ணெய் தடவிச் சீனி தூவிய ரொட்டி. இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மாமிக்கும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. சபையில் சத்தம் போடக் கூடாது என்று குரலை அடக்கிக் கேட்டாள்.

"இதென்ன பிள்ளை, சீனி வருத்தம் இருந்தவருக்கு? இது அண்ணனுக்குப் பிடிக்குமோ?"

"தெரியாது மாமி. எனக்குப் பிடிக்கும். அவர் அதைத்தான் தேடித் திரிஞ்சவர்."

மாமிக்கு என்ன விளங்கியதோ, எவ்வளவு விளங்கியதோ. அவள் அண்ணன் மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, ரொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாயாசத்தை விரலால் துடைத்துவிட்டு, சாம்பிராணித் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே காட்டு" என்றாள்.